செயற்கைப் பாறையில் வெடிப்புகளைப் பாருங்கள்

செயற்கை அருவி கட்டச் சொல்பவர்கள் முதலில் நீட்டுவது ஏதாவதொரு மலையின் படத்தைத்தான். பாசி, கறை, வெடிப்பு எல்லாம் அச்சு அசலாக வரவேண்டும் என்பார்கள். வரும். ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. முறுக்குக் கம்பியில் ஒரு கூடு, அதன்மேல் கம்பி வலை, அதற்கும் மேல் இரண்டு மூன்று அங்குலச் சிமெண்ட் கலவை. மலை என்று நாம் பார்ப்பது அவ்வளவுதான்.

கடைசிப் பூச்சு இறுகுவதற்குள் கரண்டியால் கீறித்தான் வெடிப்புகளைச் செதுக்குகிறோம். ஆழமாகக் கீறினால்தான் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் கல்லாகத் தெரியும். கைதேர்ந்த சிற்பி இன்னும் ஆழமாகவே கீறுவார். கம்பியை மூடும் கலவை மிக மெல்லிதாகிப்போவது அங்கேதான். தண்ணீர் தங்குவதும் அங்கேதான். அது கசிந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்தத் துரு கலவையை உள்ளிருந்தே நெம்பி உடைக்கும். கீழே குழந்தைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே வெடிப்பு எங்கே வரும் என்பதைக் கம்பி கட்டும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அந்த இடத்தில் கூடே உள்வாங்கி வளைய வேண்டும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. மெல்லிய பாறைப் பூச்சில் அது கிடைக்காதென்றால் துத்தநாகம் பூசிய கம்பியும் வலையும் போடுங்கள். விலை கூடுதல்தான், இதில் பேரம் வேண்டாம்.

பாரிஸின் வான்சென் விலங்குக்காட்சிச் சாலையில் 1934-இல் எழுப்பிய 65 மீட்டர் கான்கிரீட் குன்றையே 1990களில் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

திறப்பு விழாத் தேதிக்காக, சிமெண்ட் வலுப்பெற ஈரமாக வைத்து நீராற்றும் நாட்களைக் குறைப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் வழக்கம். குறைந்தது ஏழு நாள், உலைச் சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாள், பாறை ஈரமாகவே இருக்க வேண்டும். வண்ணம் அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே கட்டிய பாறை உங்களிடம் இருந்தால், பம்பை நிறுத்திக் காயவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. வெடிப்பிலிருந்து வழியும் செம்பழுப்புக் கோட்டை இயற்கையான பாறைக் கறை என்று ரசித்துவிடாதீர்கள். நாங்கள் பூசும் வண்ணமும் அதே நிறம்தான். அதனால்தான் துரு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் போல ஒட்டினால் அருவியை மூடிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.