ஹெட்ரெஸ்ட் இருக்கே சார், அது போதாதா?

கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். காருக்குள் மாட்டிக்கொண்டால் கண்ணாடியை உடைக்கவும் சீட் பெல்ட்டை அறுக்கவும் ஒரு கைக்கருவியைச் செய்து, சோதித்து, மறுபடி செய்து என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. போன வாரம் டிராவல்ஸ் நடத்தும் ஒருவர் வந்தார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்க? ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டிக் கம்பியில குத்துனா ஆச்சு. அதுக்குத்தானுங்க கழட்டற மாதிரி வச்சிருக்கான்" என்றார். இந்த மழைக்காலத்தில் இதை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அதற்காக வைக்கவில்லை ஐயா. பின்னால் ஒரு வண்டி இடித்தால் கழுத்து பின்பக்கம் மடங்காமல் தாங்கத்தான் ஹெட்ரெஸ்ட். ஆளின் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும், சீட் கவர் மாட்ட வேண்டும், அதனால் கழல்கிறது. சில வண்டிகளில் சீட்டோடு ஒன்றாகவே வருகிறது, கழற்றவே முடியாது. கழன்றாலும் கம்பியின் முனை உருண்டையாக, மழுங்கலாக இருக்கும். கண்ணாடிக்கு வேண்டியது பலம் அல்ல, ஊசிமுனை. ஜப்பானின் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜாஃப் இதைச் சோதித்தே காட்டியது. ஹெட்ரெஸ்ட், சில்லறைக் காசு போட்ட பிளாஸ்டிக் பை, செல்போன், குடை, கார் சாவி என எதுவும் கண்ணாடியை உடைக்கவில்லை. அதற்கென்று செய்த சுத்தியல்தான் உடைத்தது.

"கண்ணாடிக்கும் கதவு ரப்பருக்கும் இடையில் கம்பியைச் செருகி நெம்பினால் உடையுமே, வீடியோவில் பார்த்தேன்" என்பார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். உடைவதும் உண்டு. பட்டறையில், வெளிச்சத்தில், நின்றுகொண்டு. இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், பெல்ட் போட்டபடி பின்னால் திரும்பி, பொத்தானைத் தேடி அழுத்தி அதை உருவிப் பாருங்கள். வேண்டாம், இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலேயே ஒரு தடவை உருவிப் பாருங்கள், போதும்.

சரி, கருவிக்கு வருவோம். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு, கண்ணாடியை மேஜைமேல் கிடத்திச் சோதித்தது. கதவில் மாட்டிய கண்ணாடி வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நடுவில் அடித்தால் கொஞ்சம் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து கதவுகளையே வாங்கிவந்து, ஓரத்தில், மூலையில் அடித்துப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியும் பார்த்தோம். சுத்தியலை அங்கே வீசவே முடியாது, தண்ணீர் கையைப் பிடித்துக்கொள்ளும். வைத்து அழுத்தினால் தெறிக்கும் ஸ்பிரிங் வகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முனைக்கு ஸ்டீல் போட்டோம், சீக்கிரம் மழுங்கியது. இப்போது டங்ஸ்டன் கார்பைடு. மே மாத வெயிலில் டேஷ்போர்டில் கிடந்த ஒரு மாதிரியின் பிளாஸ்டிக் உடல் வளைந்து, ஸ்பிரிங் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை இன்னும் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன், கர்வம் வரும்போது பார்த்துக்கொள்ள.

எங்கள் கருவியும் உடைக்காத கண்ணாடி உண்டு. விற்பவனே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கக் கண்ணாடி லேமினேட்டட், நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ளது. விரிசல் விடும், வழி விடாது. சில புதிய வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அதே வகை. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2019ல் வெளியிட்ட சோதனையில், 6 கருவிகளில் 4, உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும் சாதாரண டெம்பர்ட் கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. கண்ணாடியின் மூலையில் எந்த வகை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நான்கு கதவையும் பாருங்கள், முன்கதவில் ஒன்றும் பின்கதவில் வேறொன்றும் இருக்கலாம். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உடைந்த கண்ணாடியும் உதிராமல் தொங்கும், காலால் உதைத்துத் தள்ள வேண்டும்.

கண்ணாடி உடைப்பது இரண்டாவது வேலைதான். கார் தண்ணீரில் விழுந்ததும் சுமார் ஒரு நிமிடம் மிதக்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பல கார்களை ஆட்களோடு தண்ணீரில் இறக்கிப் பார்த்துச் சொல்வது இதுதான்: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, பிள்ளைகளை முதலில் அனுப்பு, நீயும் வெளியேறு. போன் செய்யாதீர்கள். "உள்ளே தண்ணீர் நிறைந்ததும் கதவு தானாகத் திறக்கும், காத்திரு" என்ற அறிவுரையையும் தூக்கிப் போடுங்கள். உள்ளே வறண்டிருக்க, வெளியே ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 125 கிலோ அழுத்தும், ஒரு மீட்டர் நின்றால் 500 கிலோ. ஆகவே ஜன்னல். அது இறங்காவிட்டால்தான் கருவி. உடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தண்ணீரோடு சில்லும் உள்ளே வரும். பெல்ட் கழலவில்லை என்றால் இழுத்து விறைப்பாக்கிச் சாய்வாக அறுங்கள். தளர்ந்த பெல்ட் பிளேடில் மடிந்துகொள்ளும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா, திரும்பிப் போங்கள். அரை மணி நேரம் தாமதமானால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

டிராவல்ஸ்காரர் கடைசியில் பத்து கருவி வாங்கிப் போனார். மறுநாள் போன் செய்து, எல்லா வண்டியிலும் வைத்தாயிற்று என்றார். எங்கே என்றேன். டிக்கியில், ஜாக்கி பக்கத்தில். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். க்ளவ் பாக்ஸும் வேண்டாம், வண்டி கவிழ்ந்தால் அது நெளிந்து திறக்காமல் போகலாம். கப் வைக்கும் குழியும் வேண்டாம், முதல் குலுக்கலிலேயே பறந்துவிடும். ஏர்பேக் விரியும் இடத்தை விட்டுவிட்டு, பெல்ட் போட்ட நிலையில் கை எட்டும் இடத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். பின்சீட்டுக்கு இன்னொன்று.