வாரம் ஒருமுறை கதவு தட்டும் கணக்கு

"போன வாரம்தானே வந்து மருந்து ஊத்திட்டுப் போனீங்க, மறுபடியுமா?" மழைக்காலத்தில் தமிழ்நாட்டின் தெருக்களில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி. கேட்கப்படுபவர் பெரும்பாலும் ஒரு பெண். கையில் டார்ச், தோளில் ஒரு பை, பைக்குள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. அரசுக் கோப்பில் டி.பி.சி. பணியாளர் (வீடுகளில் கொசு வளரும் இடங்களைத் தேடிப் பார்ப்பவர்), தெருவில் கொசு மருந்து ஊத்துற அக்கா. மாநில அரசின் டெங்குத் தடுப்பு வேலையில் பெரும்பங்கு இவர் தலையில்தான் விடிகிறது. அவர் ஏன் மாதம் ஒருமுறை வராமல் வாரம் ஒருமுறை வருகிறார் என்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி என்ற கொசுவின் நாள்கணக்கைப் பார்த்தால்தான் புரியும்.

இந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அது க்யூலெக்ஸ் கொசுவின் இடம். ஏடிஸுக்கு வேண்டியது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் ஓரளவு சுத்தமான தண்ணீர்: சிமென்ட் தொட்டி, மூடி சரியில்லாத டிரம், மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. அதுவும் ஒரே இடத்தில் மொத்தமாக அல்ல, நான்கைந்து பாத்திரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்றை நாம் கவிழ்த்தாலும் மற்றவை தப்பிக்கும்.

சுவரில் ஒட்டிய முட்டை ஓரிரு நாளில் உள்ளே முதிர்ந்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர் வற்றிப்போனாலும் கவலையில்லை. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். இப்போது நம் வீட்டுத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிறது. தொட்டி நிறைகிறது, செலவாகிறது, மட்டம் இறங்குகிறது, மறுபடி விளிம்புவரை ஏறுகிறது. இந்தக் கொசுவுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது. தொட்டியைக் காலி செய்தால் போதாது, உட்சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தேய்க்காமல் புதுத் தண்ணீர் பிடித்தால் பழைய முட்டையைப் பொரிக்க வைக்கிறோம் என்று பொருள்.

நம்மூர் வெக்கையில் பொரித்த புழு கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் வந்தால் இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து பறந்துவிடும். ஏழு நாளுக்கு ஒருமுறை வந்தால் பெரும்பாலும் புழுவாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். வாரக் கணக்கு அங்கிருந்து வருகிறது. ஒருவர் நாளுக்கு 50 வீடு பார்க்கிறார் என்று வைத்தால் ஆறு நாளில் 300 வீடு. ஏழாம் நாள் விட்டு மறுபடி முதல் வீடு. இதில் நாலைந்து நாள் தள்ளிப்போனால் முந்தைய சுற்றில் செய்த வேலையும் வீண்தான்.

அந்த அக்கா தொட்டியைப் பார்ப்பதைச் சற்று நின்று கவனித்தால் இன்னொன்றும் தெரியும். டார்ச் அடித்த உடனே நிமிர்ந்துவிட மாட்டார். ஏடிஸ் புழு வெளிச்சம் பட்டாலோ தண்ணீர் அசைந்தாலோ சரசரவென்று அடிக்குப் போய்விடும். ஆனால் மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வாலில் இருக்கும் குட்டைக் குழாயை நீர்ப்பரப்பில் பொருத்தி, தலைகீழாகத் தொங்கும். அதுவரை பொறுத்திருந்து பார்ப்பவர்தான் சரியாகப் பார்ப்பவர். புழு நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போலக் கிடந்தால் அது அனாபிலஸ். சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் மலேரியாவை வளர்த்த ஸ்டீபன்சி கொசு அந்த இனம்தான். காற்புள்ளிபோல் சுருண்டு, உருண்டு உருண்டு நீந்துவது கூட்டுப்புழு. அது எதையும் சாப்பிடாது, அபேட்டுக்கும் லேசில் மசியாது. இரண்டு நாளில் கொசுவாகிவிடும் என்பதால் அங்கே மருந்தை நம்பாமல் தண்ணீரையே கொட்டிவிடுவதுதான் வழி.

அபேட் என்பது டெமிபாஸ் என்ற வேதிப்பொருளின் வணிகப் பெயர். நரம்புச் செய்தி ஒன்று முடிந்ததும் அதைத் துடைத்து அழிக்கும் நொதியை இது முடக்குகிறது. நரம்பு ஓயாமல் துடித்து, புழு செத்துப்போகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. 1,000 லிட்டர் தொட்டிக்கு மொத்தமே 1 கிராம் டெமிபாஸ். அந்த அளவில் புழு சாகும், மனிதருக்குக் கெடுதல் இல்லை. வாசனை பிடிக்காமல் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பவர்கள் உண்டு. மருந்தும் போய்விடும், மட்டமும் ஏறும்.

ஆனால் மக்கள் கவுன்சிலரிடம் போய்க் கேட்பது அபேட்டை அல்ல, புகையை. புகை கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் போடுகிறது, ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி தருகிறது. அந்த நேரத்தில் அங்கே பறக்கிற கொசுவைத்தான் அது கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. ஏடிஸோ தெருவில் சுற்றுவதில்லை. கட்டிலுக்கடியில், தொங்கும் சட்டைக்குப் பின்னால், அலமாரி இருட்டில் உட்கார்ந்திருக்கும். வண்டி வருகிறது என்று நாம் ஜன்னலை வேறு சாத்திவிடுகிறோம். காய்ச்சல் வந்த வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள்ளும் அடிக்கும் புகைக்குப் பலன் உண்டு. பிரதான சாலையில் போகும் புகை, என்னைக் கேட்டால், பாதி ஆறுதல், பாதி அரசியல்.

காய்ச்சல் வந்த வீட்டில் மட்டும் ஏன் என்றால், அங்கே இன்னொரு நாள்கணக்கு ஓடுகிறது. நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் சில நாட்களில் கடிக்கிற கொசு, உடனே அடுத்தவருக்கு நோயைத் தர முடியாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர 8 முதல் 12 நாள் ஆகும். அந்த இடைவெளிக்குள் அந்தக் கொசுவைக் கொன்றுவிட்டால் சங்கிலி அறுந்தது. இது சாதாரணமாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காத கொசு என்பதால் தேட வேண்டிய வட்டமும் சிறியது. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை, முடிவு வந்ததும் முகவரி சுகாதார ஆய்வாளருக்குப் போக வேண்டும். மருத்துவமனை இரண்டு நாள் தாமதித்தால் அந்த 8 நாளில் கால்வாசி போச்சு.

எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 100 வீடு பார்த்ததில் 12 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்த வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் மொத்தம் 18 என்றால் பிரெட்டோ குறியீடு 18. எளிய கணக்குதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது: நாலு புழு நெளியும் கொட்டாங்குச்சியும், நானூறு புழு நெளியும் தொட்டியும் இதில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் 'என்ன பாத்திரம்?' என்றும் கேட்பார்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் பழைய அடித்தளம் ஒன்று இருக்கிறது. மருத்துவமனைத் துறையிலிருந்து தனித்து நிற்கும் பொது சுகாதாரத் துறை இங்கே 1922 முதல் இயங்குகிறது. 1939-இல் வந்த பொது சுகாதாரச் சட்டம், கொசு வளரும்படி தண்ணீர் தேங்க விடுவதையே குற்றமாக்கியது; கட்டடம் கட்டும் இடங்களுக்கு இன்றும் நோட்டீஸும் அபராதமும் போவதற்கு அதுவே பிடிமானம். இருந்தும் 2012-இல் மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கும், 2017-இல் 23,000-க்கும் மேற்பட்டோருக்கும் டெங்கு பதிவானது. இரண்டு ஆண்டுகளிலும் தலா 60-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஓட்டைகள் எங்கே என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பூட்டிய வீடுகள். வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே விடாத அடுக்குமாடிகள். காவல் நிலைய வாசலில் வழக்கு முடியும்வரை மழையில் நனையும் வண்டிகளின் டயர்கள். அப்புறம், காய்ச்சல் ஏறும்போது கூடுதலாக ஆள் எடுத்து, இறங்கும்போது நிறுத்துகிற தினக்கூலி முறை. முட்டை கோடையிலேயே சுவரில் காத்திருக்கிறது. கூடுதல் ஆட்கள் அக்டோபரில் வந்தால் ஓட்டத்தில் கொசுவே முன்னால் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி தேய்க்க ஆள் போடுவது செலவு குறைந்த வேலை, ஆனால் அப்போது காய்ச்சலும் இல்லை, கேட்பாரும் இல்லை.

தொட்டியையே மாற்றவும் வழியுண்டு. தரையோடு கட்டிய பழைய சிமென்ட் தொட்டிகள் பலவற்றுக்கு அடியில் வடிகால் துளை கிடையாது. கவிழ்க்க முடியாது, கடைசிச் சாண் தண்ணீரை மொண்டு ஊற்ற யாருக்கும் பொறுமையும் இல்லை. அடியில் ஒரு துளையும் அதற்கு ஒரு அடைப்பானும் போட்டுவிட்டால், வாரம் ஒருமுறை திறந்துவிட்டுத் தேய்க்கப் பத்து நிமிடம் போதும்.