ஷேர்வேர் என்றால் இலவசமா?

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில், '1993இல் டூம் இலவச மென்பொருளாக வெளியானது' என்று இருந்தது. மூலத்தில் இருந்த சொல் ஷேர்வேர். இந்த ஒரு மாதத்தில் இதே தவறு மூன்றாவது முறையாகக் கண்ணில் படுகிறது.

ஷேர் என்றால் பகிர்தல், வேர் என்றால் பண்டம். 1982இல் ஐ.பி.எம். ஊழியரான ஜிம் நாஃப், தகவல்களைச் சேமித்துத் தேட உதவும் தன் பிசி-ஃபைல் நிரலை நண்பர்களுக்குக் கொடுத்து, 'பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள், மற்றவர்களுக்கும் நகல் கொடுங்கள்' என்று எழுதி வைத்தார். அதே ஆண்டு ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், தொலைபேசி வழியாகக் கணினிகளை இணைக்கும் பிசி-டாக் நிரலை அதே முறையில் விட்டார். அவர் ஃப்ரீவேர் என்ற பெயரைத் தன் வணிகக்குறியாக்கிக்கொண்டதால் மற்றவர்களுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. 1983இல் பாப் வாலஸ், கடிதம் கட்டுரை தட்டச்சு செய்யும் தன் பிசி-ரைட் நிரலை ஷேர்வேர் என்று அழைத்தார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

இதில் இலவசம் எங்கே இருக்கிறது? பிசி-ரைட்டைப் பணம் கட்டிப் பதிவு செய்ய அன்று 75 டாலர். நீங்கள் கொடுத்த நகலிலிருந்து இன்னொருவர் பதிவு செய்தால் உங்களுக்கு 25 டாலர் வந்திருக்கும். விலை உண்டு, தரகுகூட உண்டு. பயன்படுத்திப் பார்த்த பிறகு பணம் கேட்டார்கள், அவ்வளவுதான். பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்தில் முதலில் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறுவார்கள், மொய் எழுதுவது அப்புறம். அதற்காக அதை இலவசச் சாப்பாடு என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் நண்பன் ஒருவன் ஷேர்வேர் நிரல் ஒன்று இருந்த, பேனாவால் பெயர் எழுதிய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி வட்டு ஒன்றைக் கொடுத்தான். அந்தக் கால இயங்குதளமான டாஸில் டைப் கட்டளை கொடுத்து அதிலிருந்த ஒரு கோப்பைத் திறந்தேன். பெயர், முகவரி, தொகை என்று புள்ளிக்கோடு போட்ட படிவம் திரையில் ஓடியது. அச்செடுத்து, நிரப்பி, காசோலையோடு அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை ஒருமுறை பார்த்தவர் கைக்கு 'இலவசம்' என்ற சொல் வரவே வராது.

'விலையில்லா மென்பொருள்' என்று போடலாமே என்றார் ஒரு நண்பர். அரசு கொடுத்த மடிக்கணினிக்கு அந்தச் சொல் பொருந்தும். இங்கே விலை இருக்கிறதே! 'சோதனை மென்பொருள்' என்பது இன்னும் மோசம். படிப்பவர் அதை மென்பொருளைச் சோதிக்கும் கருவி என்று நினைப்பார். கெடு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் பதிப்புகள் உண்டு, அவற்றைச் சோதனைப் பதிப்பு என்று சொல்லுங்கள், சரி. பிசி-ரைட்டில் அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறு. ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல்லுக்குக் காசில்லாதது, சுதந்திரமானது என்று இரண்டு பொருள். யாரும் படிக்க, மாற்ற, பகிரக்கூடிய மென்பொருள் வேண்டும் என்று 1983இல் நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. காசில்லாதது இலவச மென்பொருள், சுதந்திரமானது கட்டற்ற மென்பொருள், கைமாற்றிக் கொடுத்துப் பிடித்தவர் பணம் கட்டுவது பகிர்மென்பொருள். மூன்றும் நல்ல தமிழ், கேட்டதும் புரிபவை. கையில் இவ்வளவு தெளிவு இருந்தும், மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றையும் 'இலவசம்' என்ற ஒரே சாக்கில் கொட்டுகிறார்கள். அகராதியில் கிடைத்த முதல் சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் இது. மூலநூல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒரு பக்கம் முன்னும் பின்னும் படிக்கக்கூட நேரம் ஒதுக்குவதில்லை.

பகிர்மென்பொருள் நான் உருவாக்கிய சொல் இல்லை, முன்பே புழக்கத்தில் இருப்பதுதான். பகு, பகுதி, பகிர்வு எல்லாம் ஒரே குடும்பம். தன்னிடம் உள்ளதை இன்னொருவருக்கும் கொடுப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. டூம் வந்த காலத்தில் முதல் பாகத்தை மட்டும் நகலெடுக்க விட்டு, மற்ற பாகங்களுக்குக் காசு வாங்கினார்கள். முறை கொஞ்சம் மாறினாலும் ஃப்ளாப்பி கைமாறுவது மாறவில்லை, எனவே சொல் அங்கேயும் நிற்கிறது.

அந்தக் கட்டுரையின் வரி இப்படி இருந்திருக்கலாம்: '1993 டிசம்பரில் டூமின் முதல் பாகம் பகிர்மென்பொருளாக வெளியானது; மற்ற இரண்டு பாகங்களைப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது.'