கேமராவின் நேரத்தைத் திருத்தும் முன் அதைப் படம் பிடியுங்கள்

ஒரு விழாவை மூன்று பேர் மூன்று கேமராக்களில் எடுத்தால், எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துவதுதான் எடிட்டிங்கில் முதல் வேலை. வினை அங்கேதான் தொடங்கும். பரிசை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிய பெண் அடுத்த படத்தில் மேடை ஏறிக்கொண்டிருப்பார். பேச்சாளர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே கூட்டம் கைதட்டும். படம் எடுத்த மூவரும் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். மூன்று கடிகாரங்களும் மூன்று விதமாக ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

பலர் எடுத்த படங்களைத் தொகுக்கும் வேலை என்னிடம் அடிக்கடி வருகிறது. “எல்லாக் கேமராவிலும் டைம் செட் பண்ணிட்டோம்” என்று உறுதியாகச் சொல்லி அனுப்பும் கார்டுகளிலும் இந்தக் கோளாறைப் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது பொய் இல்லை. செட் பண்ணியது போன மாதமாக இருக்கும்.

கேமராவுக்குள் நேரம் காட்டுவது கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற சாதாரண குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த வகைப் படிகங்களில் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிழை இருப்பது சகஜம். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஒரு நாளின் 86,400 நொடிகளோடு பெருக்கிப் பாருங்கள்: நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். ஒரு கேமரா முந்தி ஓடி இன்னொன்று பிந்தி ஓடினால் இடைவெளி இரட்டிப்பாகும். போதாததற்கு, இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் ஒழுங்காக ஓடும். குளிர்ந்தாலும் சூடேறினாலும் மெதுவாகும். வெயிலில் நிற்கும் கேமராவும் குளிரூட்டிய அரங்கில் இருக்கும் கேமராவும், ஒரே மாடலாக இருந்தாலும், ஒன்றாக ஓடப்போவதில்லை.

இது மெதுவாகச் சேரும் பிழை. ஒரேயடியாக வரும் பிழைகளும் உண்டு. அவற்றின் அளவைப் பார்த்தாலே காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். சரியாக 12 மணி நேரம் தள்ளியிருந்தால் யாரோ முற்பகலையும் பிற்பகலையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். முழு மணியாகவோ அரை மணியாகவோ தள்ளியிருந்தால் நேர மண்டலம், இல்லையென்றால் சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் கோடைகால நேர அமைப்பு. ஆண்டே தவறாக இருந்தால், மெயின் பேட்டரி இல்லாமல் நெடுநாள் கிடந்து உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியும் தீர்ந்திருக்கும். கேமராவை ஆன் செய்ததும் தேதி கேட்டிருக்கும், அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். எடுத்த நேரம் போன்ற விவரங்களைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் தரத்தில், நேர மண்டலத்துக்கு 2016-இல்தான் இடம் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்களின் படங்களில் மணி மட்டும் இருக்கும், எந்த ஊர் மணி என்பது பெரும்பாலும் இருக்காது.

சரி, வேலைக்குப் போகும் நாளில் காலையில் எல்லோரும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டால் போதாதா? வைக்க வேண்டியதுதான். ஆனால் கையால் வைக்கும்போது ஓரிரு நொடி தவறும். சில மெனுக்களில் நொடியை மாற்றவே வழி இருக்காது. செல்போன் செயலி வழியாகத் தானாக நேரம் வாங்கிக்கொள்ளும் கேமராக்கள் வசதியானவைதான், ஒரு சிக்கலைத் தவிர: நிகழ்ச்சி நடுவில் செயலி இணைந்தால் கடிகாரம் அந்த நொடியில் தாவிவிடும். ஒரே கார்டில் பாதிப் படங்களுக்கு ஒரு பிழை, மீதிக்கு இன்னொரு பிழை. இதைப் பிரிப்பது எடிட்டருக்குப் பெரிய தலைவலி. நடுவில் தவறு கண்ணில் பட்டாலும் கையால் திருத்தாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். மாறாத தவறை ஒரே கணக்கில் சரிசெய்துவிடலாம்.

அந்தக் கணக்குக்கு வேண்டியது ஒரே ஒரு படம். நொடி வரை காட்டும் கடிகாரத்தை ஒரு செல்போனில் திறந்து வையுங்கள். இணைய இணைப்பில் இருக்கும் போனின் நேரம் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். எல்லோரும், தங்களிடம் இருக்கும் எல்லாக் கேமரா பாடிகளிலும், அந்தத் திரையை ஒரு படம் எடுங்கள். எண்கள் ஷார்ப்பாக விழ வேண்டும். ஒரே நொடியில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் சரியான நேரம் கண்ணுக்குத் தெரிகிறது, கேமரா நினைத்துக்கொண்டிருக்கும் நேரம் எக்ஸிஃபில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கேமராவின் பிழை. போனில் 10:15:20 தெரிகிறது, எக்ஸிஃப் 10:11:07 என்கிறது என்றால் அந்தக் கேமரா 4 நிமிடம் 13 நொடி பின்தங்கியிருக்கிறது, அதைக் கூட்ட வேண்டும். வேலை பல நாள் நீண்டால் கடைசியிலும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். நடுவில் ஏதாவது தாவியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டுவதா கழிப்பதா என்று குழம்புபவர்கள் நிறைய. லைட்ரூம் கிளாசிக் என்ற படத்தொகுப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குழப்பமே வேண்டாம். ஒரு கேமராவின் படங்களை முழுதும் தேர்ந்தெடுத்து, அவற்றுள் கடிகாரப் படத்தை முதன்மையாக வைத்து, எடிட் கேப்சர் டைமில் போன் காட்டிய நேரத்தைத் தட்டினால், மற்ற எல்லாமே அதே அளவு நகரும். எக்ஸிஃப் விவரங்களை மாற்றும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் பழகியவர்கள் ஒரே கட்டளையில் முடித்துவிடுவார்கள். எதில் செய்தாலும் கேமராக்களை மாடல் பெயரால் பிரிக்காமல் சீரியல் நம்பரால் பிரியுங்கள். ஒரே மாடலில் இரண்டு பாடி வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபைல் பெயர்களை நேரப்படி மாற்றுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான். இன்னொன்று, வரிசைப்படுத்தும்போது ஃபைலின் மாற்றத் தேதியை நம்ப வேண்டாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டுகளில் அது இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும்.

கடிகாரப் படம் யாருமே எடுக்கவில்லையா? பொதுவான ஒரு கணத்தைத் தேட வேண்டும். திரை விலகும் நொடி, விளக்கு அணையும் நொடி இப்படி. எனக்குப் பிடித்த தடயம் வேறு. அடுத்தவரின் ஃபிளாஷ் நம் படத்தில் பாய்ந்து வெளுத்துப்போன படம் இருக்குமே, குப்பை என்று முதல் சுற்றிலேயே தூக்கி எறிவோமே, அதுதான். அந்த இருவரின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறந்திருந்தன என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. படங்களைக் கழித்துக்கட்டும் முன் நேரத்தைப் பொருத்திவிடுங்கள் என்பது இதனாலும்தான்.

வீடியோவுக்கு நொடிக் கணக்கு உதவாது. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். கைதட்டியோ ஒலி அலையை ஒப்பிட்டோ தொடக்கத்தைப் பொருத்தலாம், ஆனால் ஓட்டத்தில் வரும் விலகல் அதில் அடங்காது. மேலே சொன்ன அதே பிழையோடு கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் எதிரெதிர்த் திசையில் விலகினால், ஒரு மணி நேரத்தில் 144 மில்லிசெகண்ட், அதாவது மூன்றரைப் பிரேமுக்கு மேல், உதடும் குரலும் பிரிந்துவிடும். நீளமான பதிவுகளுக்கு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரக் குறியீட்டைத் தரும் டைம்கோட் பெட்டியை ஒவ்வொரு கேமராவிலும் மாட்டுவது இதற்குத்தான். 29.97 பிரேமில் வேலை செய்பவர்கள் டிராப் பிரேம், நான்-டிராப் என்ற இரண்டு பிரேம் எண்ணும் முறைகளையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மணிக்கு 3.6 நொடி வித்தியாசம் விழும்.

கண்காணிப்புக் கேமராக்களில் இதே விஷயம் இன்னும் கனமானது. அங்கே வரிசை குலைந்தால் கெடுவது ஆல்பம் இல்லை, சாட்சியம். என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை 1985-இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது, நெட்வொர்க்கில் இணையும் இன்றைய ஐபி கேமராக்கள் பெரும்பாலானவற்றின் மெனுவில் இருக்கிறது. ஆனாலும் அதை இயக்காமலே விடப்பட்ட இடங்கள் ஏராளம். கேமராக்களுக்கு இணையம் தர விருப்பமில்லை என்றால், ரெக்கார்டரையே நேர சர்வராக வைக்க முடியுமா பாருங்கள். ரெக்கார்டர் தவறினாலும் எல்லாக் கேமராக்களும் ஒரே அளவில் தவறும். சம்பவம் ஏதாவது நடந்து பதிவைக் கேட்டு வருகிறார்கள், அப்போதுதான் நேரம் ஏழு நிமிடம் தள்ளியிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மெனுவுக்குள் போய்த் திருத்தத்தான் கை போகும். ரெக்கார்டர் திரையையும் சரியான நேரம் காட்டும் போனையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, வித்தியாசத்தை எழுதி வைத்து, பதிவை முழுவதும் வெளியே எடுத்து முடித்த பிறகு கடிகாரத்தில் கை வையுங்கள்.