பட்டனை அமுக்கியாச்சு, எதுவரை வந்தது?

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்குக் காலையில் மட்டும் வருகிற ஒரு வியாதி இருந்தது. எழுந்ததும் சுவரில் பிளக் சுவிட்சைப் போட்டு, கேபினெட்டில் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. விளக்கு எரியாது, ஃபேன் அசையாது. நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய்க் காபி போடப் போய்விடுவேன். திரும்பி வந்து அமுக்கினால் ஒன்றுமே தெரியாத மாதிரி ஆன் ஆகும். அப்புறம் இரவுவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு சர்வீஸ் கடையில் விசாரித்தேன். பெட்டியைத் திறக்காமலே, “போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள்.

போர்டு போகவில்லை. போனது என்ன என்பது புரிய, அந்தப் பட்டனை அமுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில், அது டியூப்லைட் சுவிட்ச் மாதிரியான சுவிட்ச் இல்லை. காலிங் பெல் பட்டன் மாதிரி. பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்க சுவிட்சுக்குள்ளேயே 230 வோல்ட் கரண்ட் ஓடும். ‘டக்’கென்று அமுக்கினால் கரண்ட் வரும், இன்னொரு தடவை அமுக்கினால் போகும். விண்டோஸ் 95 காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும், ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானாக அணையாது. “இனி நீங்கள் அணைத்துக்கொள்ளலாம்” என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அமைப்பு இதை மாற்றியது. இப்போது பட்டன் செய்வதெல்லாம் இரண்டு கம்பிகளை ஒரு நொடி தொட வைப்பதுதான். ‘யாரோ மணி அடிக்கிறார்கள்’ என்ற சேதி மட்டும், எல்லாப் பாகமும் செருகியிருக்கும் மதர்போர்டுக்குப் (கடையில் ‘போர்டு’ என்றது இதைத்தான்) போகும்.

மணி அடித்தால் கேட்க உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டுமே? விழித்திருக்கிறார்கள். பிளக் சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்தே, சுவர் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டிக்குள் ஒரு சின்னச் சுற்று ஓடத் தொடங்கிவிடும். அது ஊதா நிற வயரில் 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அணைத்து வைத்த கம்ப்யூட்டரின் பின்னால் லேன் போர்ட்டில் விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த 5 வோல்ட்டின் வேலை. மணிச் சத்தம் கேட்டதும் மதர்போர்டு பச்சை வயரைத் தரைக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழுக்கும். “பெரிய சப்ளையைத் திற” என்பதற்கான சைகை அது. உடனே மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் பாயும். மூன்றும் அலைபாயாமல் நின்ற பிறகு, 100 முதல் 500 மில்லி நொடி பொறுத்து, எஸ்.எம்.பி.எஸ் சாம்பல் நிற வயரில் “எல்லாம் சரி” என்று சொல்லும். அந்த வார்த்தை வரும்வரை ப்ராசஸரைக் கையைக் கட்டி உட்கார வைத்திருப்பார்கள்.

ஆக, ஒருவர் சரி என்ற பிறகுதான் அடுத்தவர் நகர்வார். அதனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது ‘எந்தப் பாகம் போச்சு’ என்று தொடங்குவதைவிட ‘எதுவரை வந்தது’ என்று கேட்பது மேல். போனில் பிரச்சினையைச் சொன்னதும் நல்ல மெக்கானிக் “ஃபேன் சுத்துதா?” என்று கேட்பது இதனால்தான்.

எனக்கு ஃபேன் சுற்றவில்லை. ஆகவே கோளாறு சாம்பல் வயருக்கும் முன்னால். அதாவது ராம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எதையும் சந்தேகப்படவே வேண்டாம். மிச்சம் இருப்பவை சிலதான்: சுவரில் கரண்ட், பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்னால் இருக்கும் குட்டி சுவிட்ச் (வீடு பெருக்கும்போது விளக்குமாறு பட்டு இது அணைவது நான் கண்ட உண்மை), முன்பக்கப் பட்டன், ஊதா வயர், கடைசியாகத்தான் போர்டு. பட்டன் கெட்டதா என்று பார்க்க, மதர்போர்டில் அதன் வயர் செருகியிருக்கும் இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். பட்டன் செய்வதும் அதுதானே.

தெரிந்த டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. “ராத்திரி பிளக் சுவிட்சை அணைச்சிடுவீங்களா தம்பி?” என்று கேட்டார். ஆமாம், அம்மா எல்லா பிளக் பாயின்ட்டையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். “இன்னிக்கி அணைக்காம விட்டுப் பாருங்க.” விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே ஆன் ஆனது!

அவர் பிடித்தது அந்த ஊதா வயரை. விழித்திருக்க வேண்டிய சின்னச் சுற்றில், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஒரு எலெக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர் வற்றிப்போயிருந்தது. இந்தக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடும் காகிதமும் சுருட்டி, திரவத்தில் ஊறவைத்து அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் சூட்டில் இருந்தால் அடைப்பு வழியாகத் திரவம் மெல்ல ஆவியாகும். அது குறையக் குறைய உள்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் ஏறும். காலையில் கெப்பாசிட்டர் ஆறிப்போய்க் கிடக்கும், 5 வோல்ட் தேறாது. நான் காபி குடிக்கிற நேரத்தில் அரைகுறையாகத் துடித்துத் துடித்தே கொஞ்சம் சூடேறி, ஒரு வழியாக எழுந்துகொள்ளும். மல்டிமீட்டரை ஊதா வயரில் வைத்துக் காட்டினார். முதலில் 3 வோல்ட் பக்கம் தள்ளாடிக்கொண்டிருந்த எண், கண்ணெதிரே ஏறி 5-ஐத் தொட்டது. காபியே இல்லாமல்.

இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். ‘105 டிகிரியில் 2,000 மணி நேரம்’ என்ற ரகத்தை எடுத்துக்கொள்வோம். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் தாங்கும். ஓயாமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். காற்றோட்டம் கூடி 55 டிகிரிக்கு இறங்கினால் ஏழு வருடம் தாண்டும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபேனில் அப்பியிருக்கும் தூசியைத் தட்டுவது எதற்கென்று இப்போது தெரிகிறதா? 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் பூரி மாதிரி உப்பி வெடித்தன. அது வேறு கதை. திரவத்தின் கலவையே தப்பு, உள்ளே வாயு கட்டியது. அப்படி உப்பினால் பார்த்ததும் தெரியும். என்னுடையது மாதிரி சும்மா வற்றினால் வெளியே அடையாளமே இருக்காது.

எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. மதர்போர்டிலிருந்து 24 முள் கனெக்டரைக் கழற்றி, அதில் பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் (தரை வயர்) வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிளக் சுவிட்சைப் போட்டால் அது தானாக ஓட வேண்டும். பச்சை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆனால் ஃபேன் சுற்றியதாலேயே நல்ல எஸ்.எம்.பி.எஸ் என்று சொல்லிவிட முடியாது. மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே மீட்டர் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி-யை டி.சி-யாக்கினால் 325 வோல்ட் வரும். அதைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். எனக்கு மாற்றிக் கொடுத்தவர் முப்பது வருடம் டிவிக்குள் கை விட்டவர்.

இனி அடுத்த ரகம், இதுதான் ஊரில் அதிகம்: “ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரலை.” ஃபேன் சுற்றுவதை வைத்து ‘பவர் நல்லா இருக்கு’ என்று நினைப்பது பாதி உண்மைதான். ஃபேனுக்கு 12 வோல்ட் போதும். ப்ராசஸருக்கு என்றே தனியாக 4 அல்லது 8 முள் 12 வோல்ட் கனெக்டர் இருக்கிறது. அதைச் செருக மறந்தால் எல்லா ஃபேனும் ஜோராகச் சுற்றும், ப்ராசஸர் மட்டும் பட்டினி. கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகிவிட்டு டிஸ்பிளே இல்லை என்பதும் உண்டு. சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான்.

பவர் சரி என்றால், ப்ராசஸர் அவிழ்த்துவிடப்பட்டதும் என்ன செய்யும்? நம் டெஸ்க்டாப்களில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸருக்குப் பிறவியிலேயே ஒரு முகவரி தெரியும். நினைவக முகவரிகளின் வரிசையில் 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும் இடம். அங்கே போய் முதல் கட்டளையைப் படிக்கும். அந்த முகவரிக்கு அடியில் இருப்பது ராம் இல்லை, போர்டில் ஒட்டியிருக்கும் பயாஸ் சிப்; கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் புரோகிராம் அதில்தான் இருக்கிறது. அந்த நிமிடத்தில் ராம் என்று ஒன்று இருப்பதே ப்ராசஸருக்குத் தெரியாது. பயாஸ் தன் கணக்கு வழக்கை ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவிலேயே எழுதிச் சமாளித்துக்கொண்டு, ராமைத் தட்டி எழுப்பி, ஒவ்வொரு கம்பியிலும் சிக்னல் எந்தக் கணத்தில் வருகிறது என்று அளந்து பார்க்கும். புதிய டி.டி.ஆர்5 ராமில் முதல் முறை இந்த அளவெடுப்புக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். புது மெஷினைப் பூட்டிவிட்டு, திரை கறுப்பாக இருக்கிறதே என்று பதறி அணைத்து அணைத்துப் போட்டால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். பேசாமல் விட்டுவிட வேண்டும்.

இப்போதைய டெஸ்க்டாப் ராமில் 288 முனைகள். அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் டிஸ்பிளே வராமல் போகலாம். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊரின் புகழ்பெற்ற வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் பெருமை ரப்பருக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. முனைகளில் பூசியிருப்பது தங்கம், அது துருப்பிடிக்காது. படிந்திருப்பது தூசியும் விரல் எண்ணெயும். கழற்றி மாட்டும்போது ஸ்லாட்டின் கம்பிகள் உரசுவதிலேயே அது போய்விடும். ரப்பர் அந்த மெல்லிய தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும், தூளை ஸ்லாட்டில் வேறு கொட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

டிஸ்பிளே இல்லாதபோது பயாஸ் பேச வேறு வழி வேண்டும். 1981-இல் வந்த ஐ.பி.எம் பி.சி-யிலேயே சோதனை முடிந்ததும் ஒரு குட்டி ‘பீப்’ வரும், எல்லாம் நலம் என்று. அவார்டு என்ற நிறுவனத்தின் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே வருவதில்லை. பதிலாக ஓரத்தில் நாலு குட்டி விளக்குகள் இருக்கும்: ப்ராசஸர், ராம், டிஸ்பிளே, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கிறது.

விளக்கும் இல்லை, பீப்பும் இல்லையென்றால் கழித்துக்கட்டுவதுதான். ஹார்ட் டிஸ்க், யு.எஸ்.பி, கூடுதல் கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். எழாவிட்டால் போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி ஓர் அட்டைப்பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். போர்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ உருண்டு கிடந்து ஷார்ட் ஆகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்க மறக்க வேண்டாம். ஊதா வயர் தூங்காது.

டிஸ்பிளே வந்து “பூட் டிவைஸ் இல்லை” (விண்டோஸைத் தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை) என்று சொன்னால் கவலை குறைவு. மின்சாரம், ப்ராசஸர், ராம் எல்லாம் தேறிவிட்டன. டிஸ்க் கேபிளை ஆட்டிப் பாருங்கள், பென் டிரைவைப் பிடுங்குங்கள், பயாஸில் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிளக் சுவிட்சை அணைக்கும் வீடுகளுக்கு என்றே இன்னொரு வியாதியும் உண்டு. மதர்போர்டில் கடிகாரம் ஓட்ட, நாலணா அளவில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை வைத்து அந்தக் கடிகாரம் நேரம் எண்ணுகிறது. ஊதா வயரில் 5 வோல்ட் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும், பேட்டரிக்கு ஓய்வு. சுவரில் அணைத்துவிட்டால் இரவெல்லாம் பேட்டரிதான் உழைக்க வேண்டும். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் எல்லாம் மறந்து, தேதி பல வருடம் பின்னால் போய், பாதி இணையதளங்கள் ‘பாதுகாப்பானதல்ல’ என்று திறக்க மறுக்கும்.

கெப்பாசிட்டர் மாற்றியதிலிருந்து எங்கள் மெஷின் முதல் அமுக்கிலேயே எழுந்துகொள்கிறது. அம்மா இன்னும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். போன வாரம் முதல் காலையில் தேதி தப்பாகக் காட்டுகிறது. கடைக்குப் போகும்போது ஒரு சி.ஆர். 2032 வாங்கி வர வேண்டும்.