விண்டோ: காலதரா, சாளரமா, சட்டகமா?

நிரல்களும் உரைகளும் எழுதப் பயன்படும் ஈமாக்ஸ் எடிட்டரைத் திரை முழுக்க விரித்தேன். அடியில் மட்டும் விரல் நுனி அளவுக்குக் காலி இடம். விண்டோவின் உயரம்தானே சிக்கல் என்று ‘விண்டோ’ எனத் தொடங்கும் கட்டளைகளாகத் தேடி ஒரு மாலையைத் தொலைத்தேன். தேடிய சொல்லே தவறு.

நாம் தலைப்புப் பட்டையோடு இழுத்து நகர்த்தும் பெட்டியை ஈமாக்ஸ் ‘ஃபிரேம்’ என்கிறது. அதற்குள் கோப்பைக் காட்டும் ஒவ்வொரு பகுதிதான் அங்கே ‘விண்டோ’. ஈமாக்ஸ் பிறந்தது 1976-இல். யூனிக்ஸ் கணினிகளில் இப்படிப்பட்ட பெட்டிகளைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் வந்தது 1984-இல். அதற்கு முன்பே, வெறும் எழுத்துத் திரையைப் பிரித்த பாகங்களுக்கு ‘விண்டோ’ என்ற பெயர் ஈமாக்ஸில் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியின் ‘விண்ட்-அவுகா’, அதாவது காற்றின் கண். நம்மிடம் காலதர் இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் மாளிகைகளுக்கு ‘மான்கட் காலதர்’, மானின் கண் போன்ற சாளரங்கள். கண்ணும் காற்றும் அங்கேயும் சேர்ந்தே வருகின்றன! பலகணி என்ற சொல்லிலும் கண் ஒளிந்திருக்கிறது. ஜன்னல் மட்டும் போர்த்துகீசிய ‘ஜனேலா’வின் வழி வந்தது. கணினித் தமிழில் நிலைத்தது சாளரம். அதுவும் சிலப்பதிகாரத்தில் உள்ள சொல்தான். காலதர் அழகானது என்றாலும், இன்று அதை மெனுவில் போட்டால் யாருக்கும் புரியாது.

சரி, ஃபிரேமுக்கு? சட்டகம் என்பேன். சுவரில் சட்டகம் ஒன்று, அதற்குள் கதவுகள் பல என்று நினைத்தால் குழப்பம் வராது. இரண்டையும் சாளரம் என்றே மொழிபெயர்த்தால் என்னைப் போல மாலையைத் தொலைக்க வேண்டியதுதான்.

இனி அந்தக் காலி இடம். ஈமாக்ஸ் சட்டகத்தை இயல்பாகப் பிக்சலில் அளக்காது. எத்தனை எழுத்து அகலம், எத்தனை வரி உயரம் என்றே அளக்கும். வரி ஒன்றுக்கு 17 பிக்சல், கிடைக்கும் உயரம் 1080 என்று வையுங்கள். 63 வரிக்கு 1071 போக, மிச்சம் 9 பிக்சல் அனாதையாக நிற்கும். ‘ஃபிரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ்’ என்ற மாறியை, அதாவது அமைப்பை, இயக்கினால் அந்த 9 பிக்சலும் சட்டகத்தோடு சேர்ந்துவிடும். 24.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. நாமாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும்.

எழுத்துருவைப் பெரிதாக்கியதும் பெட்டியே வீங்குகிறதா? அதே கணக்குதான்: வரி எண்ணிக்கையைக் காப்பாற்றப் பார்க்கிறது. அப்போது தேட வேண்டியது, அப்படி வீங்குவதைத் தடுக்கும் ‘ஃபிரேம்-இன்ஹிபிட்-இம்ப்ளைட்-ரீசைஸ்’ என்ற மாறி. இரண்டாகப் பிரித்த பாகங்களில் ஒன்று மட்டும் குறுகிப்போனால்தான் ‘விண்டோ’ கட்டளைகள் பக்கம் போக வேண்டும்.