இடம் கிடைத்துவிட்டது, தங்குவது எங்கே?

காரைக்குடி வட்டாரத்தில் உயர்கல்விக்கு வரும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விண்ணப்பங்களையும் சான்றுகளையும் சரிசெய்து கொடுத்து, படிப்பு முடியும்வரை உடன் நிற்கும் பணியில் இருக்கிறேன். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டையும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. சேர்ந்த பிறகு பாதியில் நிற்பவர்களிடம் காரணம் கேட்டால், பாடத்தையும் கட்டணத்தையும்விடத் தங்குமிடத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

செட்டிநாட்டில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. தெருவிலிருந்து சில அடி உயர்த்திக் கட்டிய பழைய வீடுகளில், படியேறித் திண்ணைக்கு வந்து, முகப்பைத் தாண்டி, உள்முற்றமான வளவைக் கடந்து, அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டிலோ மாடியிலோதான் மாணவர்களுக்கு அறை கிடைக்கிறது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும். காலிப்பர் (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) அணிந்த ஒரு மாணவி, ஒவ்வொரு நிலைப்படியிலும் ஒரு கையால் கதவைப் பற்றிக்கொண்டு, மறுகையால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தபடி கொல்லைக்குப் போய்வந்ததை நேரில் பார்த்தேன். மழைநாளில் ஈரம் படிந்த ஆத்தங்குடிக் கல் தரையில் ஊன்றுகோல் நிற்காது என்பதால், மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்தியிருந்தார். சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. இப்படித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் வேறு பலரும் உண்டு; பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

சாய்தளம் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான சரிவு. மூன்றடி உயரத் திண்ணைக்கு 36 அடி வேண்டும், அது தெருவையே அடைத்துவிடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது கல்வி நிறுவன விடுதியில் தரைத்தள அறையைத்தான்.

அதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் கட்டடத்தையும் வசதிகளையும் அணுகத்தக்கவையாக ஆக்குவதும், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருவதும் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவில் அடங்கியவை. நியாயமான ஏற்பாடு பெற 40 விழுக்காடு ஊனம் கட்டாயமில்லை என்பது விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் அளித்த தீர்ப்பிலிருந்து தெளிவாகிறது. விண்ணப்பத்தில் 'உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதினால் காகிதம் கோப்பில் உறங்கிவிடும். தரைத்தள அறை, கைப்பிடி பொருத்திய வெஸ்டர்ன் டாய்லெட், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, தேவையெனில் உதவியாளர் உடன் தங்க அனுமதி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, முடிந்தவரை சேர்க்கையின்போதே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்து, ஊனம் 40 விழுக்காடோ அதற்குமேலோ இருந்தால், பதினொன்றாம் வகுப்பு முதல் முதுநிலை வரை மத்திய அரசின் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் விடுதி மாணவருக்கான தொகை, வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கானதைவிட அதிகம். விடுதியில் இருந்துகொண்டே, விடுதியா வீடா என்று கேட்கும் கட்டத்தைக் கவனிக்காமல் நிரப்பி, மாதாமாதம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய் உடையோர் ஆகியோருக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் உதவியாளருக்கும் கட்டணமில்லை. ஆனாலும் அந்தப் பேருந்துகளின் படி உயரத்தைப் பார்க்கும்போது, வளாகத்துக்கு அருகே அறை எடுப்பதே நல்லது என்பேன்.

தொகை நின்றுபோவதற்கு நான் மிகுதியாகக் காணும் காரணங்கள் இரண்டு. சிறுவயதில் வாங்கிய ஊனச் சான்று தற்காலிகமானதாக இருந்து, கல்லூரி நாட்களில் காலாவதியாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாகவும், ஆதாரில் இனிஷியலாகவும் இருந்து பெயர் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் சேர்க்கைக்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே சரிசெய்து, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

வெளியில்தான் அறை எடுத்தாக வேண்டும் என்றால், பழைய வீட்டைவிடத் தரைமட்டத்தில் கட்டிய புதுக் குடியிருப்பையே தேடுங்கள். சுவரில் கைப்பிடி பொருத்தவும், நிலைப்படியின் இருபுறமும் மரச்சரிவு வைக்கவும் வீட்டுக்காரர் சம்மதத்தை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவசியம். கல்வி நிறுவனம் விண்ணப்பத்துக்குப் பதில் தராவிட்டால், அச்சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். அவர் அதை விசாரித்து உரிய அதிகாரிகளிடம் நடவடிக்கைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.